பாதி முகத்தோடு ஒரு மதியம்

அந்தக் கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடை வளாகத்தின் வாசலில், உள்ளே போகும் பாதைக்கும் வெளியே வரும் பாதைக்கும் நடுவில், பீரோவை நிறுத்தி வைத்தது போல ஒரு கண்ணாடிக் கூண்டு. இடது ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு டோக்கன் கொடுக்கும். வலது ஜன்னல் வழியாக அதே கை நீண்டு டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். நமக்கும் அந்தக் கைக்கும் அவ்வளவுதான் உறவு.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இது. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதுதான் விஷயம்.

வளாகத்தில் எல்லோருக்கும் அவர் டோக்கன் அக்கா. கூண்டுக்கு நேர் எதிரே இருக்கும் ஃபோன் கவர் கடையில் நான் வேலை பார்ப்பதால் நடந்ததில் பாதியைக் கண்ணாலேயே பார்த்தேன். மீதியை அக்காவே சொன்னார், சிரித்துச் சிரித்து, நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு.

அக்காவிடம் மொத்தம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. "டோக்கன் பத்திரம்." "சில்லறையா குடுங்க." "நேரா போய் வலது பக்கம்." கல்யாணமான புதிதில் அந்தக் கூண்டில் உட்கார்ந்தவர்; மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இத்தனை வருஷத்தில் நான்காவது வாக்கியத்தை அந்த ஜன்னலில் யாரும் கேட்டதில்லை. திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. பார்க்கிங் மேனேஜர் கல்லுளிமங்கன் என்றே சொல்வார். உண்மையில் கூச்சம், சுத்தமான கூச்சம். புதிதாக ஒருவரிடம் பேச வேண்டும் என்றால் அக்காவுக்கு முதலில் காது சூடாகும், அப்புறம் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் மனிதர்கள் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை! இது யாருக்கும் தெரியாது. வருகிற போகிற கைகளை வைத்தே ஆட்களைப் படித்து வைத்திருந்தார். நகத்தைக் கடித்துக் கடித்துத் தீர்த்துவிட்ட பல் டாக்டர். மோதிரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொள்ளும் வங்கி மேடம். பசையும் ஸ்கெட்ச் மையுமாக வரும் டியூஷன் மாஸ்டர். வீட்டுக்குப் போனதும் மகளிடம், "இன்னிக்கு மோதிரம் வெறும் விரலோட வந்தாங்கடி, என்ன ஆச்சோ பாவம்" என்பார். நாடகத்தின் அடுத்த பகுதியைக் கேட்கிற மாதிரி மகளும் வாயைப் பிளந்து கேட்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் வெயில் வலது ஜன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கும். மேலே திரை கிடையாது. ஒவ்வொரு நாளும் அதே கன்னத்தில், அதே வெயில். அக்காவின் வலது கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு, ஓரம் மட்டும் பழுப்பு. இடது கன்னம் எப்போதும் போல. அதனால் உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு அக்கா, வெளியே போகிறவர்களுக்கு இன்னொரு அக்கா.

இந்த நிலையில்தான் மேனேஜர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியைத் தட்டினார்.

"இந்த மாசத்தோட சரிம்மா. மிஷின் வருது. வண்டி நம்பரை அதுவே படிச்சிக்கும், கேட்டை அதுவே தூக்கிக்கும்."

அக்காவுக்கு மூன்று வாக்கியங்களும் மறந்துபோயின.

"பயப்படாத, வேலையை விட்டெல்லாம் அனுப்பல. கீழ ரெண்டாவது தளத்துல கேமரா ரூம் இருக்கில்ல, அங்க உக்காந்து டிவி பாக்கணும். ஏசி ரூம்மா! ஒருத்தர் தொல்லை இருக்காது. பேசவே வேணாம். உனக்குன்னே செஞ்ச வேலை. யோசிச்சு மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

ஒருத்தர் தொல்லை இருக்காது. மேனேஜர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. கைகள் இல்லாத ஒரு அறை. திரையில் வண்டிகளின் கூரை மட்டும் எறும்பு மாதிரி நகரும். பூமிக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் தன் குரல் தனக்கே மறந்துபோகும் என்று நினைத்தாராம். சிரிப்பை நிறுத்திச் சொன்ன இடம் இதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஓரகத்தி வந்து உட்கார்ந்திருந்தார். கணவரின் அண்ணன் மனைவி. பளபளவென்று இருப்பார்; தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். அழகுசாதனம் விற்கும் ஒரு கம்பெனியில் ஆலோசகர். கடை கிடையாது, வீடு வீடாகப் போய்ப் போட்டுக்காட்டி விற்பது. சட்டையில் கம்பெனி கொடுத்த நட்சத்திர பின் ஒன்று, கையில் சக்கரம் வைத்த சின்ன சூட்கேஸ் போல ஒரு பெட்டி.

"என்னடி, உன்னைப் பாதாளத்துக்கு அனுப்பறாங்களாமே? உன் புருஷன் சொன்னார்."

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"நான் பண்ணிட்டேன். நீ என் டீம்ல சேர்ற. ஆலோசகர்! கார்டுல பேர் போட்டுத் தருவாங்க. முதல் பெட்டி மட்டும் நீ வாங்கணும், அப்புறம் எல்லாம் லாபம்தான். உன்னைச் சேர்த்துட்டா எனக்கு ரெண்டாவது ஸ்டாரும் வந்துடும்."

கணவர் ஏசி மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டே குறுக்கே வந்தார். "அண்ணி, இவ உப்பு விக்கப் போனா மழை பெய்யும், மாவு விக்கப் போனா காத்தடிக்கும். இவளையா பேசச் சொல்றீங்க?"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பேச நான் கத்துக் குடுக்கறேன்."

"அதுசரி, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற க்ரீமும் உங்க பெட்டியில இருக்கா?"

"இருக்கு, உங்க தொப்பைக்குப் பத்தாது" என்றார் ஓரகத்தி. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மனித நிறம். அந்த நிறங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோதே ஆசை வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஏற்ற ஒரு கை அவருக்குத் தெரிந்திருந்தது. இது பல் டாக்டர், இது மோதிரம், இது மாஸ்டர்.

ஆசை ஒரு பக்கம். பயம் மூன்று பக்கம். முதல் பெட்டியின் விலை ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். வாயைத் திறந்து பேச வேண்டும். அதைவிட, வேண்டாம் என்று சொல்பவரிடம் மறுபடி கேட்க வேண்டும்.

ஓரகத்தி ஒரு பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மனப்பாடம் செய்ய வேண்டுமாம். மகள் வாடிக்கையாளராக நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கள் சருமம்…" என்று ஆரம்பித்தார் அக்கா.

"யாரும்மா வீட்ல 'சருமம்'ம்பாங்க? தோல்னு சொல்லு."

"உங்க தோல் வறண்டு போயிருக்கு…"

"ஐயோ, அதைக் கேட்டா நான் எழுந்தே போயிடுவேன்! நல்லதா ஏதாவது சொல்லும்மா."

அக்கா யோசித்தார். காது சிவந்தது. கடைசியில் பழக்க தோஷத்தில் வாயில் வந்தது: "நேரா போய் வலது பக்கம்."

அப்பாவும் மகளும் அடித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள். அக்காவும் சிரித்துவிட்டார். ஆனால் அந்தத் தாளில் இருந்த ஒரு வரி அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. "மங்கு நான்கே வாரத்தில் மறையும்."

"நெஜமாவே மறையுமாக்கா?" என்று ஃபோனில் கேட்டார்.

"மறையும்னு சொல்லணும். மறைஞ்சா நம்ம க்ரீம், மறையலன்னா அவங்க ஒழுங்கா போடல" என்றார் ஓரகத்தி. ஃபோனை வைப்பதற்கு முன், "எல்லாரும் அப்படித்தான்டி சொல்றாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா? பாதி முகத்துக்குத்தான் போட்டுக்காட்டுவார்கள். நெற்றிக்கு நடுவில் கோடு கிழித்த மாதிரி, ஒரு பக்கம் முழு அலங்காரம், மறுபக்கம் சும்மா. அப்போதுதான் வித்தியாசம் தெரியும். பார்க்கிறவர்கள் "அடேயப்பா" என்றதும் மறுபாதியையும் போட்டு முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுப்பார்கள். பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது. அது பால பாடம்.

வளாகத்தின் முதல் மாடியில் தையல் கடை. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக்காட்ட ஓரகத்தி ஏற்பாடு செய்திருந்தார். மாடல்? நம் அக்காதான். "உன் கன்னத்துல இருக்கற மங்குதான்டி நமக்கு மூலதனம்" என்று சொல்லிவிட்டார். அக்கா காக்கி நிறச் சீருடையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். உதவிக்கு என்று ஈரத் துடைப்பான் பாக்கெட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வலது கன்னத்தில் ஒன்று, அதன்மேல் ஒன்று, அப்புறம் பஞ்சு, அப்புறம் பவுடர். வலது கண்ணுக்கு மை. வலது புருவத்துக்குக் கோடு. உதட்டிலும் சரிபாதி சிவப்பு.

"அடேயப்பா" என்றார் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண். "மங்கு எங்க போச்சு!"

"நாலே வாரம்" என்று ஓரகத்தி ஆரம்பித்தார். அப்போதுதான் கீழே ஹார்ன். ஒன்று, அப்புறம் நான்கைந்து, அப்புறம் ஒரு கல்யாண ஊர்வலம் அளவுக்கு. அக்காவுக்குப் பதிலாகக் கூண்டில் உட்கார்ந்த செக்யூரிட்டி அண்ணன், உள்ளே வந்த வண்டிக்கெல்லாம் வலது ஜன்னலில் டோக்கன் கொடுக்கப் பார்த்து, இரண்டு பாதையையும் முடிச்சுப் போட்டுவிட்டார். மேனேஜர் படிக்கட்டில் நின்று கத்தினார். அக்கா எழுந்து ஓடினார். "ஏய், பாதியில போகாத!" என்று ஓரகத்தி போட்ட சத்தம் ஹார்னில் கரைந்துபோனது.

கூண்டுக்குள் நுழைந்த அக்கா இரண்டு கையாலும் வேலையைப் பிடித்துக்கொண்டார். முடிச்சு அவிழ்ந்தது. வண்டிகள் நகர்ந்தன. அந்த அமளியில் முகம் நினைவிலேயே இல்லை.

என் கடையிலிருந்து பார்த்தால் கூண்டு நேராகத் தெரியும். இரண்டு பாதியும் சேர்ந்து தெரிந்த ஒரே ஆள் நான்தான்! கவர் மாட்டிக்கொண்டிருந்த ஃபோனைக் கீழே போட்டுவிட்டேன். ஒரே முகத்தில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் யாருமே எதையும் கவனிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். உள்ளே வருகிறவர்கள் இடது பக்கத்தை மட்டும் பார்த்தார்கள், போகிறவர்கள் வலது பக்கத்தை மட்டும். பார்த்தார்கள் என்றா சொன்னேன்? கையை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

பல் டாக்டரின் காரில் பக்கக் கண்ணாடி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றபோதுதான் அக்கா தன்னைப் பார்த்தார். "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் டோக்கனை நீட்டிவிட்டுத் தலை நிமிராமல் போய்விட்டார். பாக்கெட்டைப் பிரித்து ஒரு துடைப்பானை உருவிவிட்டார் அக்கா. அடுத்து நின்றது ஒரு ஸ்கூட்டர்.

சிவப்பு ஹெல்மெட். பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும் பெண். ஒரு நாளில் ஏழெட்டு முறை உள்ளே போவாள், வெளியே வருவாள். அவளுக்கும் பெயர் தெரியாது, ஹெல்மெட்டின் நிறம்தான் பெயர். வலது ஜன்னலில் டோக்கனை நீட்டியவள், கையைத் திரும்ப எடுக்கவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினாள்.

"அக்கா! உங்க மங்கு எங்க?"

அக்கா திகைத்துவிட்டார். இவள் பார்த்திருக்கிறாள்! இத்தனை நாளும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

சிவப்பு ஹெல்மெட் முகத்துணியைக் கீழே இழுத்தாள். இரண்டு கன்னத்திலும் மங்கு. மூக்கின் மேல் பாலம் போட்ட மாதிரி. "எனக்கும் இருக்குக்கா. வெயில்லயே அலையறேன் இல்ல. உங்களைத் தினம் பாக்கறப்ப எல்லாம், சரி, நமக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்காங்கன்னு நெனச்சுப்பேன். இப்ப நீங்க மட்டும் தப்பிச்சுட்டீங்களே! என்ன மருந்து? எத்தனை நாள் ஆச்சு? சொல்லுங்கக்கா."

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. சிவப்பு ஹெல்மெட் திரும்பி, "கொஞ்சம் இருங்க சார், உயிர் போற விஷயம்" என்றாள்.

அதே நேரம் ஓரகத்தி பெட்டியோடு படியிறங்கி வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் மூச்சிரைக்க நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டது. கையை ஆட்டி ஆட்டிச் சைகை செய்தார்: சொல்லு, சொல்லு. நாலு வாரம். நாலே வாரம்!

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் காது சிவந்தது. ஒரு தலையசைப்பு போதும், அது பேச்சுகூட இல்லை. முதல் வியாபாரம் கண்ணெதிரே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. பாதாள அறைக்குப் போக வேண்டாம்.

அக்கா துடைப்பானை எடுத்து, வலது நெற்றியில் வைத்து, கன்னம் வழியாகத் தாடை வரைக்கும் இழுத்தார். இன்னொரு முறை. துணி மண் நிறமாக மாறியது. மங்கு மெல்ல மெல்ல வெளியே வந்தது, மேகத்துக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி.

"போகலம்மா. இங்கதான் இருக்கு. மூடி வச்சிருந்தேன்" என்றார்.

நான்காவது வாக்கியம்!

சிவப்பு ஹெல்மெட் ஒரு நொடி அப்படியே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். பார்த்தால் கண்ணில் தண்ணீர். "என் தங்கச்சிக்கு அடுத்த வாரம் கல்யாணம்க்கா. ஃபோட்டோ எடுக்கறப்ப நான் ஓரமா நின்னுக்கறேன்னு எங்கம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன். எனக்குப் போகவெல்லாம் வேணாம். ஒரே ஒரு நாள் மூடினா போதும். மூட முடியுமா?"

"முடியும்" என்றார் அக்கா. "கன்னத்துக்குப் பாத்து நிறம் எடுக்கக் கூடாது, கழுத்துக்குப் பாக்கணும். இல்லன்னா முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர்னு ஆயிடும். கழுத்தைக் காட்டு."

இது யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு. பின்னால் நின்ற கார்க்காரர் ஹார்னை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

ஆனால் ஓரகத்திக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஸ்கூட்டர் போனதும் வந்து பொரிந்தார். "அரை மணி நேரம் கஷ்டப்பட்டுப் போட்டதை அரை நிமிஷத்துல தொடைச்சிட்டியேடி! நடுரோட்டுல! மேல அந்தப் பொண்ணுங்க எல்லாம் ஜன்னல்லேருந்து பாத்துட்டிருக்காங்க. இனிமே எவ வாங்குவா? எனக்கு மானம் போச்சு."

"பொய் சொல்ல வரலக்கா."

"அப்ப போய் டிவி பாரு" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சூட்கேஸ் சக்கரம் தரையில் கடகடத்த சத்தம் எனக்கே என்னவோ போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஓரகத்தி வீட்டுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்காகத்தான். மனஸ்தாபம் வேண்டாம், நேரில் சொல்லிவிட்டு, நாளைக்கு மேனேஜரிடம் கேமரா அறைக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு போனார். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாராம்.

ஓரகத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஃபோன்ல சார்ஜ் இல்லக்கா" என்று அக்கா சொன்னதற்கு, "கட்டிலுக்குப் பக்கத்துல பிளக் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த கணமே, "இரு, இரு, நான் போடறேன்" என்று பதறி எழுந்தார். அதற்குள் அக்கா குனிந்துவிட்டார்.

கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள். சுவர் வரைக்கும். ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல்.

ஓரகத்தி கட்டில் விரிப்பை இழுத்து மறைக்கப் பார்த்தார், எட்டவில்லை.

"எல்லாம் நானே வாங்கினது" என்றார் ஓரகத்தி கடைசியில். "மாசா மாசம் இவ்வளவு விக்கணும்னு இருக்கு. விக்கலன்னா ஸ்டாரைப் பிடுங்கிடுவாங்க. அதனால நானே வாங்கி உள்ள தள்ளிட்டேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் குனிய மாட்டாரு, முட்டிவலி." தானே சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என்னாலதான் நடக்கலடி. வாய் மட்டும் வண்டி வண்டியா இருக்கு. ஒரு தடவ வாங்கினவங்க மறுபடி கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. நாலு வாரம் கழிச்சு எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

அந்த இடத்தில் அக்கா என்ன நினைத்தார் என்று கேட்டேன். "அவங்க சட்டையில இருந்த பின்னைப் பார்த்தேன்" என்றார். "வீட்லகூடக் கழட்டாம இருந்தாங்க. பாவமா இருந்துச்சு. நாம என்னவோ அவங்க மேல இருக்காங்க, நாம கீழ போறோம்னு நெனச்சோமே, ரெண்டு பேருமே பாதாளத்துலதான் இருந்திருக்கோம்னு தோணுச்சு."

அக்கா தரையில் உட்கார்ந்தார். ஒரு பெட்டியை வெளியே இழுத்தார். காலாவதித் தேதி பார்த்தார். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி.

"அக்கா, நான் புதுப் பெட்டி வாங்கப் போறதில்ல."

"தெரியும். வேணாம்னு சொல்லத்தானே வந்திருக்க."

"அப்படிச் சொல்லத்தான் வந்தேன். இப்ப மாத்திக்கிட்டேன். முதல்ல இதை விப்போம். இந்தக் கட்டிலுக்கடியில பெருக்க முடியற மாதிரி ஆகட்டும். அப்புறம் கையெழுத்து போடறேன்."

"ரெண்டாவது ஸ்டார் போயிடுமேடி."

"அது இருந்தா ராத்திரி வெளிச்சமா இருக்குமா?"

ஓரகத்திக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. "ஒரு வார்த்தை பேச மாட்டா, பேசினா ஊசி" என்றார்.

"ஆனா மறையும்னு சொல்ல மாட்டேன். மூடும்னுதான் சொல்வேன். போட்டுக் காட்டிட்டு, அவங்க கையாலயே தொடைச்சுப் பாக்கச் சொல்வேன். அப்புறமும் வேணும்னா வாங்கட்டும்."

"உருப்பட்ட மாதிரிதான்."

"பாக்கலாமே."

திங்கட்கிழமை அக்கா மேனேஜரின் அறைக்குப் போனார். காது சிவக்கச் சிவக்க நின்று கேட்டுவிட்டார்: கேமரா அறை பாதி நாள் மட்டும் போதும், அதற்கேற்ற பாதிச் சம்பளம் போதும். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அந்தத் திரைகளின் முன் முழு நாள் உட்கார வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் அவருக்கும் வேறு வழி இல்லை. "பேசாத ஆளுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம்.

மிஷின் வந்தது. கூண்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கடையிலிருந்து பார்த்தேன், அக்கா பார்க்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

வளாகத்தின் பின்பக்கம் இருசக்கர வண்டி நிறுத்துமிடம். பொட்டலம் கொண்டுவருகிற பெண்கள் மதியத்தில் அடுத்த அழைப்பு வரும்வரை அங்கே நிழலில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். அக்கா அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். ஓரகத்தி பக்கத்தில் நின்று கழுத்து நிறம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். வாய் அவருடையது, கை அக்காவுடையது. ஒவ்வொரு முகத்துக்கும் பாதி. துடைக்கச் சொல்வார். சிலர் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். விற்காமல் போன நாட்களும் நிறைய. ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு மை டப்பா. "மாவு, காத்து" என்று கணவர் வாயெடுத்தார்; மகள் ஒரு முறை முறைத்ததும் அடங்கிவிட்டார்.

ஆனால் சில சமயம் பாதி போட்டிருக்கும்போதே அழைப்பு வந்துவிடும். அந்தப் பெண் அப்படியே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறப்பாள். போன இடத்தில் கதவைத் திறந்தவர் கேட்பார். அவள் சொல்வாள். மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஒரு ஃபோன் வரும். இதை அக்கா திட்டம் போட்டுச் செய்யவில்லை. சத்தியமாக! அதுவாக நடந்தது. பாதியில் நிறுத்தக் கூடாது என்ற பாலபாடத்தை எந்தக் கம்பெனிக்காரர் எழுதினாரோ, அவரிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

போன வாரம் சிவப்பு ஹெல்மெட் என் கடைக்கு வந்தாள். ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, கவரில் அச்சடித்துத் தரச் சொன்னாள். தங்கையின் கல்யாணப் படம். பொண்ணு, மாப்பிள்ளை, இரண்டு வீட்டாரும். ஓரத்தில் தேடினேன், அவள் இல்லை. அக்கா போட்டுவிட்ட அலங்காரத்தோடு, பொண்ணின் தோளைக் கட்டிக்கொண்டு நட்டநடுவில் நின்றாள், பல் தெரியச் சிரித்தபடி. அச்சடிக்கும்போது எனக்குக் கண் கொஞ்சம் மங்கிவிட்டது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

"அக்காகிட்ட காட்டணும், வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பெனியின் சேர்க்கைப் படிவம். அன்று காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து கடைசிப் பெட்டி வெளியே வந்துவிட்டதாம். ஓரகத்தி அங்கே முதல்முறையாகத் துடைப்பம் விட்டுப் பெருக்கியபோது அவர் கணவரின் காணாமல் போன ஒற்றைச் செருப்பு கிடைத்ததாம். பேனா மூடியைப் பல்லால் திறந்து அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தக் கையை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், எழுதிப் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் கவரை வாங்கி வெயிலில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். சிவப்பு ஹெல்மெட் பொறுக்கமாட்டாமல், "எப்படிக்கா இருக்கேன்?" என்றாள்.

வெயில் அக்காவின் வலது கன்னத்தில், மங்கின் மேலேயே விழுந்திருந்தது. அதில் எதுவும் பூசியிருக்கவில்லை.

"கழுத்தும் முகமும் ஒரே ஊர்டி" என்றார்.